முகமூடிக்கு இடுப்பளவு எடுத்தவர்

காலமான என் பெரியப்பா தையற்காரர். ஊரில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். எந்தத் துணியையும் சொன்ன தேதியில் கொடுத்தவரல்லர். கேட்டால் அந்த ஒரு சொல்தான் பதில்.

குடும்ப வரலாற்றைத் தொகுக்கும் பணியில், ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய விசாரணை அறிக்கை கிடைத்தது. தமக்குப் பிடிக்காதவர்களைக் குற்றவாளிகளென்று தாமே தீர்ப்பளித்து, அடித்து, வீட்டைக் கொளுத்தித் துரத்துவதற்காக இரகசியமாகக் கூடிய ஒரு சங்கத்தைப் பற்றியது அது. உறுப்பினர் பட்டியலில் பன்னிரண்டாவதாகப் பெரியப்பா இருந்தார்.

பெரியம்மாவிடம் மறைக்க மனம் வரவில்லை.

“அடிக்கப் போனாரா, இல்லையா? அதைக் கண்டுபிடி. போயிருந்தா அப்படியே எழுதிடு. சுவத்துல இருக்கற படத்தை நானே கழட்டிடறேன்,” என்றார். எண்பது வயதில் தாமே எழுந்துபோய்க் கடைச் சாவியைத் தேடி எடுத்துவந்தார்.

பூட்டிக் கிடந்த கடையிலிருந்து பெரியப்பாவின் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தோம். மேலே அளவுப் புத்தகம். “முகமூடி, பன்னிரண்டு” என்ற பக்கத்தில் சங்கமே வரிசையாக நின்றது: “இறைச்சிக்கடைக்காரர். பெயரை வெளியில் சொல்லக் கூடாதாம். தலை இருபத்துமூன்று, இடுப்பு நாற்பத்திரண்டு.”

“முகமூடிக்கு எதுக்குப்பா இடுப்பு?”

“தெரியலை பெரியம்மா. எல்லாருக்கும் எடுத்திருக்காரு.”

தரவேண்டிய தேதி பதினான்கு முறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. ஓரத்தில், “தலைவர் சத்தம் போட்டார். நாளைக்கு வரச் சொன்னேன்.” முகமூடியின்றி எவரும் வெளியே இறங்கக் கூடாதென்பது சங்க விதி. ஒரு தீர்ப்பும் நிறைவேறாமலே சங்கம் கலைந்தது என்கிறது அறிக்கை; காரணம் தெரியவில்லையாம். காரணம் பெட்டிக்குள் இருந்தது: பன்னிரண்டு முகமூடிகள், ஒன்றிலும் கண்ணுக்குத் துளை வெட்டவில்லை.

“வேணும்னேதான் இழுத்தடிச்சாரா?”

“ஆதாரம் இல்லாம எழுத மாட்டேன்,” என்று பக்கத்தைத் திருப்பினேன். அறிக்கையின்படி, சங்கம் முதலில் தீர்ப்பெழுதியது எங்கள் தெருவில் புத்தகங்களுக்கு அட்டை கட்டிக்கொடுத்தவருக்கு. அந்த வாரமே அவர் குடும்பத்துக்கு ஆறு உடுப்புகள்: திங்களன்று அளவு, செவ்வாயன்று கொடுத்தாயிற்று. “வெளியூர் போகிறார்கள். அவசரம்.” அளவுப் புத்தகம் முழுவதிலும் தேதி தவறாத பதிவு அது ஒன்றே.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

“ஒரே நாள்லயா? ஒரே நாள்ல ஆறு தைக்கத் தெரிஞ்ச மனுஷன்! என் கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த துணி இன்னும் வரலியேப்பா!”

முகமூடிகளை வெளியே எடுத்தேன். அடியில், வெட்டாத நீலத் துணி. அதில் குத்தியிருந்த சீட்டில் அவர் கையெழுத்து: “நாளைக்கு.”

“படம் இருக்கட்டும்,” என்றார் பெரியம்மா. “ஆனா இதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.