அனுப்ரியா சேர்த்த பேய்ப்பட விளம்பரங்கள்

உத்திரமேரூர் பஜாரில் எத்திராஜ் நடத்தும் மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அவருடைய ஒரே மகள் அனுப்ரியா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, அவற்றைப் பிரித்துக் கிழித்து அடுக்குவாள். சினிமாப் பக்கம் வந்தால் மட்டும் கை நின்றுவிடும்.

பேய்ப்படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தலைவிரி கோலமாய் ஒருத்தி, பாழடைந்த பங்களா, சுவரில் ரத்தக் கறை என்று ஏதாவது ஒரு விளம்பரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவின் இரும்புப் பெட்டியில் புடவை மடிப்புகளுக்குள் வைத்துவிடுவாள்.

அம்மா பவளம் இறந்தபோது அனு எட்டாம் வகுப்பு. மஞ்சள் காமாலை என்று காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், உயிரோடு திரும்பவில்லை. அதன்பிறகு எத்திராஜ் விடிந்ததும் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். சாப்பிடும்போது டிவி ஓடும். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அனுவும் கேட்கமாட்டாள்.

அவள் ஒரு பேய்ப்படமும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. அந்த விளம்பரங்களில் இருந்த எழுத்துகள்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. 'அவள் திரும்பி வருகிறாள்.' 'அவளை யாரும் தடுக்க முடியாது.' ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஆளில்லாத வீட்டில் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பாள். ஒருமுறை கணக்கு நோட்டு வாங்க வந்த வகுப்புத் தோழி கீர்த்தி அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பெஞ்சில் அனுவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பத்தாம் வகுப்பு பரீட்சை முடிந்த சமயம், எத்திராஜின் அக்கா லீலாவதி வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தாள். புடவைகளை வெயிலில் போடலாம் என்று பெட்டியைத் திறந்து உதறியவள் அலறிவிட்டாள். கடையிலிருந்து தம்பியை வரவழைத்தாள்.

"இன்னாடி இது? உங்கம்மா பொடவைல பேயா அடுக்கி வெச்சிக்கினு கீற?"

அனு தரையில் விழுந்தவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எத்திராஜு, பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சுடா. வெள்ளிக்கெழம கூட்டிம்போயி மந்திரிச்சிக்கினு வரணும். மொதல்ல இத்தெல்லாம் அடுப்புல போடு."

"போடாத அத்த! இதுல செத்துப்போனவங்க எல்லாரும் திரும்பி வராங்க. எங்கம்மா மட்டும் ஏன் வரல?"

லீலாவதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்திராஜ் சட்டென்று திரும்பிக் கடைக்கு நடந்தார். விளம்பரங்கள் அடுப்புக்குப் போகவில்லை. மந்திரிக்கிற பேச்சையும் லீலாவதி அதற்குமேல் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

"கெளம்பும்மா."

"எங்கப்பா?"

"காஞ்சிபுரம். பேய்ப்படம் ஒண்ணு ஓடுது."

தியேட்டரில் அனு சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். பேய் வந்தது, கத்தியது, கதவுகளை உடைத்தது. கடைசியில் பார்த்தால், பங்களாவை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்த்தவர்கள் போட்ட நாடகம் அது. கதாநாயகன் பேயின் விக்கைப் பிடித்து இழுத்ததும் மொத்த தியேட்டரும் கைதட்டிச் சிரித்தது. அனுவின் முகத்தைப் பார்த்த எத்திராஜ், படம் முடிவதற்குள் அவளை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஊர் திரும்பும் பஸ் ஓரிக்கைப் பாலத்தைத் தாண்டியது. பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்கம்மா வரமாட்டாம்மா. அவளுக்கு இருட்டுன்னா பயம். பின்னாடி தோட்டத்துக்குப் போவணும்னா கூட என்ன எழுப்புவா. டார்ச்ச என் கைல குடுத்துட்டு, பின்னாடியே சட்டையப் புடிச்சிக்கினு வருவா. அவ எங்க பேயா சுத்தப்போறா?"

அனுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் அப்படியே முன்னால் போய்விட்டார்.

"அப்புறம்ப்பா?"

"அவ்ளோதாம்மா."

அதோடு சரி. மறுநாள் முதல் எத்திராஜ் பழையபடி ஆகிவிட்டார். அனு கொஞ்ச நாள் விளம்பரங்களை வெட்டினாள். வாய்விட்டுப் படிப்பது நின்றுபோனது. பிளஸ் டூ வந்தபோது வெட்டுவதும் விட்டுப்போயிற்று.

இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதாகப்போகிறது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறாள். லீவு நாட்களில் அப்பாவிடம் எதையாவது கேட்டுப் பார்ப்பாள்.

"அம்மாக்கு இன்னா கலர்ப்பா புடிக்கும்?"

அவர் நிஜமாகவே யோசிப்பார். "தெரிலியேம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைச்சாவியைத் தேடுவார்.

அதனால் அத்தைக்குப் போன் செய்கிறாள். லீலாவதி நிறையப் பேசுவாள், முக்கால்வாசி அவளுடைய முட்டிவலியைப் பற்றி இருக்கும். போன வாரம் பேச்சோடு பேச்சாக, கல்யாணத்தன்று புதுச்செருப்பு கடித்துப் பவளத்தின் காலெல்லாம் கொப்புளம், நொண்டிக்கொண்டேதான் இந்த வீட்டுக்குள் வந்தாள் என்று சொன்னாள். மறுநாள் கம்பெனியில் அனு அதையே நினைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.