பெர்மனென்ட் மூவரும் சேகர் சித்தப்பாவும்

ஈரத்துணியால் டிவியின் கண்ணாடியை ஒரு முறை அழுத்தித் துடைத்தால் துணியில் சாம்பல் நிறக் கறை ஏறும். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து இறங்கி, எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வலையையும் தாண்டி வந்து உட்கார்ந்த அந்தத் தூளுக்குச் சுட்ட மண்ணின் வாசனை இருக்கும். துடைத்து முடித்த பிறகுதான் பாரிஸ் நகரத்து டென்னிஸ் தரை தன் உண்மையான சிவப்பில் தெரியும். அதுவரை வற்றிப்போன ஏரி மாதிரி மங்கிக் கிடக்கும். மற்ற நாட்களில் டிவியைத் துடைக்கச் சொன்னால் முனகிக்கொண்டு போகிற நான், மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறையும் அந்தப் போட்டியும் சேர்ந்து வருகிற இரண்டு வாரங்களுக்கு மட்டும் யாரும் சொல்லாமலே துணியை நனைத்துக்கொண்டு நிற்பேன்.

டென்னிஸுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பிளாக்கில் ஒருவரும் மட்டையைக் கையால் தொட்டதில்லை. கிளப் மைதானத்து வேலிக்கு வெளியே வந்து விழும் மொட்டைப் பந்துகளை எடுத்து வந்து கிரிக்கெட் ஆடியதோடு சரி. ஆனால் சுரங்கத்தில் முறை வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு டென்னிஸ் மாதிரி தோதான ஆட்டம் வேறில்லை. மதியம் தொடங்கி இரவு வரை ஓடும். யார் எப்போது வீட்டில் இருந்தாலும் ஏதாவது ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். நிலக்கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டை ஓட்டிய என் அப்பா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "ரிலீவர் வராம எழுந்திரிக்கக் கூடாது, தெரியுதா?" என்று சொல்லிவிட்டுப் போவார். அதன்படி நான் எழுந்தால் அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து உட்கார வேண்டும். அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போதே, எந்த செட்டில் எவன் "ட்ரிப்" ஆனான் என்று கேட்பார். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட் திடீரென்று நின்றுபோவதற்குச் சுரங்கத்தில் அதுதான் பெயர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் பிளாக்கில் ஆட்டக்காரர்களை நாடு வாரியாகவோ தரவரிசை வாரியாகவோ யாரும் பிரிக்கவில்லை; "பெர்மனென்ட்", "கான்ட்ராக்ட்" என்று இரண்டே வகைதான். அந்தக் காலத்தில் பெரிய கோப்பைகள் எல்லாவற்றையும் மூன்று பேர் தங்களுக்குள்ளேயே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெர்மனென்ட். மற்றவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் கான்ட்ராக்ட். வருவார்கள், வியர்வை சிந்துவார்கள், போவார்கள். ஒரு கான்ட்ராக்ட் என்றைக்காவது பெரிய கோப்பையைத் தூக்க முடியுமா என்பதுதான் தண்ணீர்த் தொட்டி அருகிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் வருடா வருடம் நடந்த வழக்கு. பெரும்பாலோர் முடியாது என்ற கட்சி. முடியும் என்ற கட்சியில் கடைசிவரை நின்றவர் எங்கள் சேகர் சித்தப்பா.

அப்பாவின் தம்பியான அவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். கன்வேயருக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போடுகிற வேலை, கான்ட்ராக்ட் வேலைதான். "இந்த வருசம் பெர்மனென்ட் ஆயிடும்" என்று யாராவது சொல்வதும், வருடம் போவதும் நடந்துகொண்டே இருந்தது. அதற்கிடையில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்கு முன்னால் "மாப்ள பெர்மனென்டுங்களா?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற காப்பியில் சர்க்கரை குறைவாக இருந்ததாக அம்மா சொல்வாள். முப்பதைத் தாண்டிவிட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி பெண் பார்க்கப் போவதில்லை, ஊருக்கே போய்விடுகிறேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டிருந்த நேரத்தில்தான் போர்மேன் வீட்டு இடம் வந்தது.

போர்மேன் எங்கள் பிளாக்குக்கு நான்கு தெரு தள்ளி இருந்தார். அவருடைய மகள் தேன்மொழி தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் டென்னிஸ் பைத்தியம் என்பது நகரியத்துக்கே தெரியும். அதிலும் போர்மேன் மூவர் கட்சியின் தலைவர். "போட்டியில நூறு பேரு ஆடுவான். கோப்பைய தூக்கறவன் மூணு பேருதான். மிச்சவன்லாம் கூட்டம் சேக்கறவன்" என்று அவர் சொன்ன வார்த்தை பேருந்து நிறுத்தம் வரை புகழ்பெற்றிருந்தது. மாப்பிள்ளை கான்ட்ராக்ட் என்று தெரிந்தும் அவர் வரச் சொன்னதற்குக் காரணம், தரகர் "எல்லாம் ஆயிடுங்க, இந்த வருசமே ஆயிடும்" என்று அடித்துச் சொல்லியிருந்ததுதான்.

நாள் குறித்ததில்தான் பெரியவர்கள் கோட்டை விட்டார்கள். அப்பாவுக்கும் போர்மேனுக்கும் ஒரே நாளில் ஓய்வு வருவது அபூர்வம். அப்படி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் ஆறு மணிக்கு முடிகிறது, அதற்கு மேல் போகலாம் என்று முடிவாயிற்று. ஷிப்ட் பார்த்தார்கள், ராகுகாலம் பார்த்தார்கள், அன்றைக்குத்தான் பாரிஸில் இறுதி ஆட்டம் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. அதுவும் எப்படிப்பட்ட ஆட்டம். ஒரு பக்கம் மூவரில் ஒருவர். இன்னொரு பக்கம், சித்தப்பா மூன்று வருடமாகத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டிருந்த "நெட்டையன்". அவன் நிஜப் பெயர் எங்கள் வாயில் நுழையாது.

விஷயம் தெரிந்ததும் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "சேகரு, அங்க போயி வாயத் தொறக்காத. அவரு என்னா சொன்னாலும் ஆமாங்கன்னு தலைய ஆட்டிக்கினு ஒக்காரு."

"சரிண்ணே."

"டென்னிஸு பேச்சு வந்தா, மூணு பேருதாங்க, வேற எவன் இருக்கான்னு சொல்லிட்டுக் காப்பியக் குடி" என்றார் அப்பா.

"தம்பி, அந்த நெட்டையன் பேச்சு மட்டும் வேணாம்" என்று அம்மா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். சித்தப்பா அதற்கும் தலையை ஆட்டினார்.

நாங்கள் போனபோது போர்மேன் வீட்டுக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மரியாதைக்குச் சத்தத்தைக் குறைத்தார்களே தவிர யாரும் அணைக்கவில்லை. நான் தரையில், டிவிக்கு நேர் எதிரே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். தாம்பூலத் தட்டை வைத்தார்கள், ஊர் பேர் விசாரித்தார்கள். ஆனால் எல்லாருடைய கண்ணும் பந்தோடுதான் போய்ப் போய் வந்தது.

"என்னங்க தம்பி, டென்னிஸ் பாக்கறது உண்டா?" என்றார் போர்மேன்.

"பாப்பங்க" என்றார் சித்தப்பா.

"இன்னைக்கு யாரு?"

அப்பாவின் கால் நகர்ந்து சித்தப்பாவின் காலை மிதித்ததைத் தரையில் இருந்த நான் பார்த்தேன். சித்தப்பா காலை இழுத்துக்கொண்டு, "நெட்டையன் அடிப்பாங்க" என்றார்.

போர்மேன் கோபப்படவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து, "எதை வச்சி சொல்றீங்க?" என்று கேட்டார்.

"மூணு வருசமா அரையிறுதி வரைக்கும் வந்து வந்து தோத்துகினு இருந்தாங்க. இந்த வருசம் ஒரு படி ஏறிட்டான். உடாம வந்துகினே இருக்கறவன் ஒருநாளு உள்ள பூந்துடுவாங்க."

"வந்துக்கிட்டே இருக்கறவன் வந்துக்கிட்டேதான் இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போர்மேன் சிரித்தார். டென்னிஸைப் பற்றித்தான் சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை. சித்தப்பாவின் காது சிவந்துபோனது. எனக்கு அந்த மனிதர்மேல் பொல்லாத கோபம் வந்தது.

அந்த நேரத்தில்தான் தேன்மொழி அக்கா காப்பித் தட்டோடு வந்தார். போர்மேன் கையைக் காட்டி, "இரும்மா, இந்தப் பாயின்ட் முடியட்டும்" என்றார். பெண் பார்க்க வந்த வீட்டில், அலங்காரம் செய்த பெண்ணை உள்ளறை வாசல்படியில் நிறுத்திவிட்டு எல்லாரும் ஒரு பாயின்ட் முடியக் காத்திருந்ததை அம்மா பிற்பாடு எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் பாயின்ட் லேசில் முடியவில்லை. தேன்மொழி அக்கா தட்டைப் பிடித்தபடி டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டையன் பந்தை வலையில் அடித்தான். அவர் மெதுவாகக் கூடத்துக்கு வந்து காப்பி கொடுத்தார்.

நெட்டையனுக்கு முதல் செட் போயிற்று. பஜ்ஜியும் கேசரியும் தீர்ந்து, கிளம்ப வேண்டிய நேரமும் வந்தது. இரண்டாவது செட்டும் போயிற்று. போர்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்ப சொல்லுங்க தம்பி. இப்பவும் அவன்தானா?" என்றார். அப்பா பார்த்தார், தரகர் பார்த்தார், அம்மா கண்ணாலேயே கும்பிட்டாள். ஒரே ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

"இப்பவும் அவன்தாங்க."

"ரெண்டு செட்டு போயிடுச்சே."

"மூணாவது இருக்குதுங்களே" என்றார் சித்தப்பா.

வீடு திரும்பும் வழி நெடுக அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். வெயில் காலம் ஆனதால் எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு ஜன்னல் அருகிலும் சித்தப்பாவின் நடை தானாகத் தளர்ந்தது. மூன்றாவது செட்டை நெட்டையன் பிடித்துவிட்டான் என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தபோது அவர் என் கையை அழுத்தினார். எங்கள் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டோம். நான்காவது செட்டில் அவன் தோற்றான், அதோடு கோப்பையும் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா, "நல்லாத்தான் ஆடுனான் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்துத் தரகர் வந்தார். முகத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லாத ஒரு சிரிப்பு. "பொண்ணு சரின்னு சொல்லிட்டுதாங்க" என்றார். போர்மேன் ஒப்புக்கொள்ளவில்லையாம், பெண் பிடிவாதமாக நின்றதாம். எங்கள் பிளாக்கில் இதற்கு ஒரே விளக்கம்தான் சொன்னார்கள்: சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடுவார் என்று தரகர் சொன்னதை அந்தப் பெண் நம்பிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் போர்மேனே "அடுத்த வருசம் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவில்லை. அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. தேன்மொழி அக்கா எனக்குச் சித்தியானார். அவர்கள் நகரியத்துக்கு வெளியே ஒரு சின்ன வீடு கட்டி, இருவர் சம்பளத்திலும் மகள் கவிதாவைக் கல்லூரி வரை படிக்க வைத்தார்கள். இடையிடையே மூவர் அல்லாத ஒருவன் எங்கேயாவது பெரிய கோப்பையைத் தூக்கினால் சித்தப்பா அன்று மாலை இனிப்பு வாங்கி வருவார். நெட்டையனுக்கு மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை.

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில் எங்கள் பழைய தெருவைப் பார்த்தேன். நாங்கள் இருந்த வரிசையில் ஆள் இல்லை, ஜன்னல்களைக் கழற்றியிருந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று வழக்காடியவர்கள் ஓய்வுபெற்று அவரவர் மாவட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். போர்மேன் இப்போது இல்லை. அந்த மூவரின் காலமும் ஏறக்குறைய முடிந்து, இரண்டு இளைஞர்கள் பெரிய கோப்பைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சித்தப்பா வீட்டு டிவியில் அன்று இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த ரெண்டு பேரத் தவிர வேற யாராவது ஜெயிக்க முடியுமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? நாலு பேரு இருக்கானுவ" என்று அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். ஒருவனுக்கு சர்வீஸ் இடி, ஆனால் அஞ்சாவது செட்டில் கால் நிற்காது. ஒருவனுக்கு எல்லாம் இருக்கிறது, பெரிய ஆளைப் பார்த்தால் பயம். இன்னொருவன் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்த பொடியன், இன்னும் இரண்டு வருடத்தில் பார் என்றார். இதைச் சொன்னவர், பெர்மனென்ட் ஆகும் வயதைத் தாண்டி இன்னும் கான்ட்ராக்டாகவே வேலைக்குப் போகிறவர்.

மாவு பிசைந்துகொண்டிருந்த சித்தி என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்னு நெனச்சிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார்.

"சித்தப்பா பெர்மனென்ட் ஆயிடுவாருன்னுதான்."

சித்தி சிரித்தார். "எங்கப்பாவும் அதத்தான் கேட்டாரு, இவன் ஆயிடுவான்னு நம்புறியாம்மான்னு. ஆவமாட்டாருப்பான்னுதான் சொன்னேன்."

அதுவரை டிவியை விட்டுத் திரும்பாத சித்தப்பா திரும்பினார். "ஆவமாட்டன்னா சொன்ன?"

"ஆமா. நெட்டையனும் தோத்துடுவான்னு எனக்குத் தெரியும். முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு ஆடுனான். ஆனா ரெண்டு செட்டு போன பொறவு, அத்தினி பேரு எதிர்ல எங்கப்பா கேட்டப்பவும் நீங்க அவன விடல. தோக்கறவன விடாதவரு என்னையும் விடமாட்டாருப்பா, எனக்கு அது போதும்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுச் சித்தி மாவை உருட்ட ஆரம்பித்தார்.

டிவியில் கூட்டம் பெரிதாக ஆரவாரம் செய்தது. யாரோ ஒருவன் ஏதோ ஒரு முக்கியமான பாயின்டை எடுத்திருக்க வேண்டும். யார் என்று எங்கள் மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.