இருபத்தேழாம் அத்தியாயத்தில் ஒரு பிரசவம்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்தபடி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பதிவறைக்குள் வருகிறார் நர்சம்மா. கை உலரும்வரை எதையும் தொட மாட்டார். புத்தகத்தை நான்தான் திறந்து வைக்க வேண்டும். "எங்க விட்டோம்? ஆங், அந்தப் பையனுக்கு மூணு நாளா காய்ச்சல். என்ன பண்றாங்கன்னு பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

எங்கள் நூலகத்தில் பார்வையற்ற வாசகர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதன் வாசலில் 'தரை வழுக்கும், பார்த்து நடக்கவும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. வைத்தவர் நூலகர். அங்கேதான் ஒலிப்புத்தகங்கள் தயாராகின்றன. படிப்பவர்கள் சம்பளம் வாங்காமல் படிக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்வது என் வேலை. பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா, ஐம்பத்திரண்டு வயதான என்னைத் 'தம்பி' என்பார். இங்கே ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டுல நான் வாயைத் திறந்தா எங்க வீட்டுக்காரர் காதுல இருக்கிற மெஷினைக் கழட்டி டப்பாவுல போட்டுடறார், தம்பி. இங்க ஆளுங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

வாங்கிப் போகத்தான் செய்தார்கள். அவர் புத்தகத்தை மட்டும் படிப்பதில்லை என்பதுதான் காரணம். காய்ச்சல்காரப் பையனின் தாய் கதவைப் பிடித்துக்கொண்டு அழும் இடத்தில் நிறுத்துவார். "அழுதது போதும்மா. ஈரத்துணி எடுத்து உடம்பைத் துடைச்சு விடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். துப்பறியும் கதையில் ஒருவர் வயிற்றில் கத்தியோடு மூன்று தெரு ஓடினார். "மூணு தெருவா? இதை எழுதினவர் கத்தி இல்லாமலே ஒரு தெரு ஓடிக் காட்டட்டும்" என்று பதிவில் அப்படியே இருக்கிறது. ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: "கதை வேணாங்க. நடுவுல அந்தம்மா பேசறதை மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமா?"

பதிவைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டியவர் நூலகர். அவர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் மூட்டு வலி இருந்தது. நர்சம்மா நடுவில் சொல்லும் யோசனைகள் பயன்பட்டன.

அப்படித்தான் அந்தத் தடித்த நாவல் வந்தது. இருபத்தேழாம் அத்தியாயத்தில் நாயகிக்குப் பிரசவ வலி. நர்சம்மா ஒரு பக்கம் முன்னால் ஓட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இவ சாகப் போறா."

"கதைதானேம்மா."

"கதைன்னா கேக்க ஆள் இல்லைன்னு அர்த்தமா? நான் இங்க உக்காந்திருக்கேன்ல?"

புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். மாமியாரை அறையைவிட்டு வெளியே அனுப்பினார். கணவனை வெந்நீர் போடச் சொன்னார். "மூச்சை இழுத்து விடும்மா, கத்தாத, தெம்பை மிச்சம் பிடி" என்று நாற்பது நிமிடம். "தலை தெரியுது!" என்றபோது நான் தடுப்புக் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் நலம் என்று அறிவித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிக்கல் இருபத்தெட்டில் தொடங்கியது. கணவன் கல்லறையில் விழுந்து அழுகிறான். நர்சம்மா கொஞ்சம் யோசித்து, அதை மாமியாரின் கல்லறை ஆக்கினார். "யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆகணும் தம்பி, பன்னெண்டு அத்தியாயத்துக்கு அழறாங்களே." முப்பத்து மூன்றில் அவன் மறுமணம் செய்துகொண்டான். நர்சம்மா கால் மணி நேரம் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். "கைக்குழந்தையோட பொண்டாட்டி உள்ள படுத்திருக்கா, உனக்கு மாலை கேக்குதா?"

நூலகர் கையெழுத்துப் போட்டார். புத்தகம் வெளியே போனது.

பத்து நாள் கழித்து, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு கணக்கு வாத்தியார் வந்தார். நாற்பத்து மூன்று வயதில் பார்வை போய், பள்ளிக்கூட வேலையையும் விட்டவர். கோபப்படவில்லை.

"ஒண்ணுமே ஒத்து வரலை. மொதல் சம்சாரம் உசுரோட இருக்கா. ரெண்டாவது கல்யாணத்துக்கு ஊரே வந்து சாப்பிட்டுட்டுப் போகுது. செத்துப்போன மாமியார் முப்பத்தஞ்சுல வந்து மருமகளுக்காகத் தேம்பித் தேம்பி அழறா."

நர்சம்மா நடந்ததைச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

வாத்தியார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "கண்ணு போறப்ப இந்தப் புத்தகத்தைத்தான் படிச்சிட்டிருந்தேன். இருபத்தாறு வரைக்கும் வந்துட்டேன். பத்தொன்பது வருஷமா அவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது. யார்கிட்டயும் கேக்கலை, நானே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்னு."

"நல்லாத்தானே ஆகியிருக்கு?"

"ஆபரேஷன் ரூம் வாசல்ல சொந்தக்காரங்க நிப்பாங்களே, அவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கீங்களாம்மா?"

நர்சம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒரு தடவைகூட இல்ல."

"நானும் வாசல்லதான் நிக்கிறேன்."

அன்றே இருபத்தேழாம் அத்தியாயம் மறுபதிவு. வாத்தியார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நர்சம்மா படித்தார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மாமியார் வாசலிலேயே நின்றாள். வெந்நீர் வரவில்லை. ஓர் இடத்தில் மட்டும் அவர் வாய் தானாகத் திறந்தது. உதட்டைக் கடித்து மூடிக்கொண்டார். நாயகியின் கை கட்டிலிலிருந்து சரிந்தது. வாத்தியார் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அத்தியாயத்தின் கடைசி வரி முடிந்தது. நான் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன். நர்சம்மா மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நாப்பத்தொண்ணு" என்றார், யாரிடமோ. பிறகு பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், வார்டில் சாவு நேரம் எழுதுவதுபோல நேரத்தைக் குறித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.