மாமியார் காதுக்கு எட்டாதது

என் தங்கை பூன்ஹியை ஆண்டோங் ஊரில் ஒரு வீட்டின் மூத்த மகனுக்குக் கட்டிக்கொடுத்தார் அப்பா. மூத்த மகன் வீடு என்றால் வருடம் முழுக்க மூதாதையருக்குப் படையல்தான். படைத்து முடியும்வரை சமைக்கிறவள் ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கக் கூடாது. வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

முதல் சில வருடங்கள் ஒன்றுமில்லை. பிறகு படையல் நாள் வந்தாலே அவளுக்கு வியர்த்துக் கொட்டும், வாய் குழறும். மாமியாரைப் பார்த்து, "யாருடி கிழவி நீ? என் அடுப்பங்கரையில உனக்கென்ன வேலை?" என்பாள். சொன்னது பிறகு நினைவிருக்காது. ஒருமுறை படையல் தட்டிலிருந்தே தேன் பலகாரத்தை எடுத்துத் திணித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் பழைய பூன்ஹி ஆகிவிட்டாள். அதுதான் வினையாயிற்று. தின்றதும் அடங்கிவிட்டாளே, அப்படியானால் எல்லாம் தீனிக்காகப் போட்ட நாடகம் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். அதன்பின் அவளுக்கு முகம் கொடுக்கவே இல்லை. தாயில்லாமல் வளர்ந்த இந்தப் பைத்தியத்துக்கோ அவர்மேல் உயிர். "அத்தை ஒருதரம் 'வாம்மா'ன்னு கூப்பிட்டா போதும்க்கா" என்று அழுவாள்.

ஒருநாள் காலையில் எழுப்ப எழுப்ப அவள் எழவில்லை. கணவன் சாங்சொல் தேகு நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே அவளை விழிக்கவைத்த பிறகு, காரணம் கண்டுபிடிக்க வேண்டுமென்றே பட்டினி போட்டார்கள். வெறும் தண்ணீர்தான், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மறுநாள் அவள் நர்ஸையும் கணவனையும் அதே குழறலோடு திட்டத் தொடங்கினாள். உடனே ரத்தம் எடுத்துவிட்டு, நரம்பு வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். கண்ணைக் கொட்டி விழித்தாள். "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

கணையத்தில் கட்டி என்றார் டாக்டர். வயிறு காலியாக இருக்கும்போதும் அது இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்குமாம். ரத்தத்தில் சர்க்கரை வற்றி, மூளை பட்டினி கிடக்குமாம். அபூர்வமான நோய். ஸ்கேனில்கூடச் சரியாகத் தெரியவில்லை. வயிற்றைத் திறந்து, விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடித்து எடுத்தார்கள். ஒரு சோயா மொச்சை அளவு. இதற்கா அத்தனை வருடம் கெட்ட பெயர்!

உடனே உன் அம்மாவுக்குப் போன் போடு என்றேன் சாங்சொல்லிடம்.

"இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா அக்கா? இவளைக் கூட்டிட்டுப் போய், அம்மா முன்னால மண்டி போட்டுச் சொல்றேன்."

ஆனால் கட்டி எடுத்த இடத்தில் கணையநீர் கசிந்தது. குழாயோடு படுத்தே கிடந்தாள், வீட்டுக்கு விடுவது தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் ஒருநாள் காலையில் மாமியார் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாவு வீட்டில் சாங்சொல் தாயின் படத்துக்கு முன்னால் விழுந்து, கட்டி, சர்க்கரை, மயக்கம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வந்திருந்த பூன்ஹி, வயிற்றைப் பிடித்தபடி வந்து அவன் சட்டையை இழுத்தாள்.

"விடுங்க. அவங்க என்னை வெறுத்துக்கிட்டேதான் போயிருக்காங்க. இனிமே ஊருக்கு நான் நல்லவளா இருந்து என்ன?"

அவனை நாலு வார்த்தை திட்டத்தான் நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.