சேலை அண்ணனின் நாற்பத்து மூன்று விநாடி

தங்கப்பாண்டிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பேரையூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்து, விளக்குத்தூண் பக்கம் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தான். மடித்த சேலையை வெறுமனே விரித்துப் போட்டால் பாதிப் பேருக்கு மனசு ஒப்பாது. விற்கிற ஆள் தன் தோளிலேயே முந்தியைப் போட்டு, இடுப்பில் கொசுவத்தைச் சொருகிக் காட்ட வேண்டும். அந்தக் கடையில் அந்த வேலையைத் தங்கப்பாண்டி அளவுக்குச் செய்ய ஆள் கிடையாது. நான்கே வீச்சில் கொசுவம் விழுந்துவிடும். கட்டை மீசை வைத்த ஆள் ஒருவன் அரக்குப் பட்டைப் போர்த்திக்கொண்டு, "பாருங்கக்கா, பார்டரு எப்புடி எடுப்பா நிக்குது" என்று சொல்லும்போது யாருக்கும் அது விநோதமாகப் படாது. எல்லோரும் பார்டரைத்தான் பார்ப்பார்கள்.

2008ஆம் வருஷம் புரட்டாசி மாதத்து மதியம். கல்யாணம் கிடையாது, கூட்டம் கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடை ஸ்பீக்கரில் பழைய படப்பாட்டு ஒன்று. வராத காதலனைப் பெண் குரலொன்று சிணுங்கிச் சிணுங்கித் திட்டுகிற பாட்டு. தங்கப்பாண்டியின் தோளில் மடிக்காத பச்சைப் பூனம் சேலை கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்க வைக்கலாம் என்று முந்தியை இழுத்து முக்காடு போட்டான். உதடு அசைந்தது. கண்ணைச் சுழற்றினான், இடுப்பை ஒடித்தான், உதட்டைப் பிதுக்கிக் காதலனைக் கோபித்துக்கொண்டான். வார்த்தைக்கு வார்த்தை அவன் வாயிலிருந்தே அந்தக் குரல் வருவதுபோல இருந்தது. கூட வேலை பார்த்த மருது புதிதாக வாங்கிய கேமரா போனை நீட்டி அதைப் பிடித்துவிட்டான். நாற்பத்து மூன்று விநாடி.

அப்போது ஊரில் இன்றைக்குப் போல ஆளுக்கொரு இன்டர்நெட் இல்லை. மருது புளூடூத்தில் இரண்டு பேருக்கு அனுப்பினான். அந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கடையில் சிநேகிதன் இருந்தான். மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தருகிற கடை. அங்கே பாட்டு ஏற்ற வந்தவர்களுக்கெல்லாம் இதுவும் சேர்ந்து ஏறியது. 'சேலை அண்ணன்' என்று பெயர் வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போகப் பேரையூர் பஸ்ஸில் ஏறினான். முன் சீட்டில் நான்கு பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டைக் கேட்டதும் எட்டிப் பார்த்தான். உள்ளங்கை அளவுத் திரையில் அவனே இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்கும் சிரிப்புத்தான் வந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று கூட நினைத்தான். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிய ஒருவன் அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டேய், மாப்ள! இந்தா இருக்காருடா சேலை அண்ணே!"

திருமங்கலம் வருவதற்குள் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒருத்தர் துண்டை நீட்டி, "சேலையில்லாட்டி என்ன, இதப் போட்டுக்கிட்டு ஒரு தடவ செஞ்சு காட்டுப்பா" என்றார். அவன் செய்து காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். ஊர் வந்து இறங்கியபோது காது சுடுவதை உணர்ந்தான். சந்தோஷமா கூச்சமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றுதான் படியேறினான். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கீழ நாலு பொம்பளையாளுக வந்து சேலை அண்ணன் எந்த மாடின்னு கேக்குறாங்களாம். அப்புடி என்ன பண்ணுன? செஞ்சு காட்டு" என்றார். செய்து காட்டினான். அவர் சிரிக்கவில்லை, மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒரு வாரத்தில் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், சிவப்பு விரிப்புப் போட்ட ஒரு சின்ன மேடை வந்தது. காலை பதினொன்று, மதியம் ஒன்று, மாலை ஐந்து, ஏழு. அதே பாட்டு, அதே நாற்பத்து மூன்று விநாடி. வாசலில் அவன் படம் போட்ட பேனர். அந்தத் தீபாவளிக்குக் கடையில் கால் வைக்க இடமில்லை.

சுபலட்சுமி அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்கே அந்த வீடியோதான் காரணம். வந்திருந்த இரண்டு மாப்பிள்ளைகளில், "இந்தாளுதான் சிரிக்க வைப்பாரு" என்று அவள்தான் சொன்னாளாம். கல்யாண மேடையிலேயே பெண் வீட்டார் பாட்டைப் போட்டுவிட்டார்கள். மணவறையில் மாலையோடு ஆடினான். பிறகு வாடகை வீட்டுக்கு வந்து குடித்தனம் ஆரம்பித்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது. நாளெல்லாம் கண்ணைச் சுழற்றிவிட்டு வருகிறவன் வீட்டில் வாயைத் திறப்பதே இல்லை. டிவியில் பாட்டு வந்தால் எழுந்துபோய் நிறுத்துவான்.

"ஊருக்கெல்லாம் சிரிப்புக் காட்டுறீக. எங்கிட்ட ஒரு வார்த்த பேசுறதுக்கு என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பேசுற தெம்பெல்லாம் அங்கிட்டே போயிருது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கொள்முதலுக்குப் போக வேண்டும். சூரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய், கடைக்கு என்ன சேலை வரவேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. துணியைத் தொட்டாலே எந்தச் சாயம் மூன்றாவது சலவையில் போகும் என்று அவன் சொல்லிவிடுவான். பழைய கொள்முதல் ஆள் ஓய்வு பெற்றபோது தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டான்.

"உனக்குத் தெரியாத சேலையா? ஆனா நீ சூரத்துக்குப் போயிட்டா கீழ யாருப்பா ஆடுறது?" என்றார் அவர், அன்பாகத்தான். மருதுவைக் கொள்முதலுக்கு அனுப்பினார். முதல் பயணம் போய் வந்த மருது இவனுக்கு ஒரு சட்டைத்துணி கொண்டுவந்து கொடுத்தான். முகத்தைப் பார்க்கமுடியாமல், "நாங் கேக்கலடா மாப்ள, அவராத்தான் கூப்புட்டாரு" என்றான். தங்கப்பாண்டி அந்தத் துணியைத் தைக்கவே இல்லை.

வருஷங்கள் போயின. மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள். இன்டர்நெட் வந்தது. யாரோ அந்தப் பழைய மங்கல் வீடியோவை அதில் ஏற்ற, துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் கூடக் கடையைத் தேடி வந்தார்கள். பிறகு ஊர் முழுக்கவே போனைப் பார்த்து உதட்டை அசைக்க ஆரம்பித்தது. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் சாயங்காலம் போய் உட்கார்ந்தால் சுற்றி நான்கு இடத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். இனிமேல் நம்மை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். நேர்மாறாக நடந்தது. "இதுக்கெல்லாம் மொதல் ஆளு நீங்கதாண்ணே" என்று தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள்.

2019இல் அவன் அப்பா முத்திருளன் இறந்துபோனார். பருத்திக் காட்டில் மருந்தடித்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கப்பாண்டி ஓடிப்போய்த் தலைமாட்டில் விழுந்து அழுதான். ஆண்பிள்ளை அழுகிற மாதிரி அழவில்லை. வாய்விட்டு, அப்பா அப்பா என்று, தலையை ஆட்டி ஆட்டி அழுதான். கொள்ளி வைக்கிற மகன் என்பதால் மொட்டையடித்து மீசையையும் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மருதுதான் தயங்கிக்கொண்டே போனைக் காட்டினான். எழவுக்கு வந்த யாரோ அவன் அழுததைப் பிடித்திருந்தார்கள். வேறு யாரோ அதற்கு அந்தப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். பொருத்தமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவன் அப்பா என்று வாயைத் திறக்கிற இடத்தில் பெண் குரல் காதலனைத் திட்டியது. அவன் தலையை ஆட்டியது தாளத்துக்குச் சரியாக இருந்தது. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

தங்கப்பாண்டி அதைக் கடைசிவரை பார்த்தான். பிறகு போனை மருதுவின் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தான். "ஏன்டா, அன்னைக்கு நீ சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான். மருது அழுதுவிட்டான்.

இனி அந்தக் கடைக்குப் போவதில்லை என்று முடிவு செய்து, உசிலம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தான். மொட்டைத் தலையில் தன்னை அடையாளம் தெரியாது என்று நம்பினான். பத்து நாள் நிம்மதியாகத்தான் போனது. பதினோராம் நாள் காலையில் போனபோது வாசலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, "முன்னமே சொல்லியிருக்கலாமுல்ல தம்பி!" என்றார். அவன் சாப்பாட்டுப் பையைக் கீழே கூட வைக்காமல் அப்படியே மதுரை பஸ் ஏறினான். எங்கே போனாலும் அந்த மேடை முன்னாலேயே போய் நிற்கும் என்றால், பழகிய மேடையே மேல் என்று தோன்றியது. மகளுடைய பள்ளிக்கூடம் பக்கத்தில், சுபலட்சுமி வேலை பார்க்கும் மெஸ் பக்கத்தில்.

முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. மீசை இல்லாத முகத்தைப் பார்த்தார். மறுநாள் ஒட்டு மீசை ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

அதை ஒட்டிக்கொண்டு மேடையேறிய அன்றைக்குப் பாட்டின் வார்த்தைகள் அவன் வாயில் வரவில்லை. கை ஆடியது, இடுப்பு ஒடிந்தது. உதடு மட்டும் சத்தமில்லாமல் அப்பா, அப்பா என்றது. பாட்டை நிறுத்திவிடுவார்களோ, கத்துவார்களோ என்று பயந்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கைதட்டினார்கள். பதினொரு வருஷமாக இவர்கள் உதட்டைப் பார்க்கவே இல்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டுக்கு வாயசைக்கவே இல்லை. மேடையில் நின்று, உதட்டால் மட்டும் தன் பாட்டுக்குப் பேசினான். வீட்டு வாடகை ஏறியதைச் சொன்னான். சூப்பர்வைசரைத் திட்டினான். முதலாளியைப் பெயர் சொல்லி, வாடா போடா என்று திட்டினான். கொரோனாவில் கடை அடைத்துத் திறந்தபோது முகக்கவசம் போட்டு ஆடச் சொன்னார்கள். அந்த மாதங்களில் சத்தமாகவே முணுமுணுத்தான். நாற்பது வயதானதும் முட்டி போயிற்று. காலையிலிருந்து நின்று, நடுநடுவே இடுப்பை ஒடித்துக் குதிப்பது. கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று அதற்கு முன்பே சட்டம் வந்து, பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கியிருந்தார்கள். அவை மாடியில் இருந்த ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே இருந்தன. அதனால் இப்போதெல்லாம் நாற்பத்து மூன்று விநாடியும் ஒரே பேச்சுத்தான்: முட்டி வலிக்குது, முட்டி போச்சு, உக்கார விடுங்கடா.

போன வைகாசியில் ஒருநாள், மதியம் ஒரு மணிக்கான ஆட்டம் முடிந்து அவன் இரண்டாம் மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒச்சம்மாள் என்ற பெண்மணி மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். கல்யாணப் பெண் முத்துமீனா பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையைத் தட்டி, விரலால் ஏதோ சொன்னாள்.

"தம்பி, ஒங்களுக்கு முட்டி வலிக்குதா?" என்றார் ஒச்சம்மாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருங்கக்கா சொன்னது?"

"எம்மகதான். பொறந்ததுலேருந்தே இவளுக்குக் காது கேக்காது. வாயப் பாத்தே புரிஞ்சுக்கிருவா. கீழ நீங்க ஆடயில பாட்டே பாடலையாமே? முட்டி வலிக்குதுன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தீங்களாம்."

தங்கப்பாண்டியின் கையிலிருந்த சேலை நழுவியது. அடுத்த விநாடி வேறு பயம் பிடித்துக்கொண்டது. "வேற... வேற என்ன சொன்னேனாம்?"

ஒச்சம்மாள் மகளைப் பார்த்தார். முத்துமீனா வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "அதச் சொல்ல மாட்டேங்குறா. சிரிக்கிறா" என்றார் ஒச்சம்மாள். பிறகு திரும்பி, மாடி முழுக்கக் கேட்கிற குரலில், "ஏப்பா, ஒரு ஸ்டூலத் தூக்கிப் போடுங்கப்பா! ஆளு நிக்கமாட்டாம நிக்கிறாரு" என்றார்.

ஸ்டூல் வந்தது. வாடிக்கையாளர் சொல்லும்போது சூப்பர்வைசர் என்ன செய்வார்? பதினேழு வருஷத்தில் முதல்முறையாக அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு தங்கப்பாண்டி சேலை காட்டினான். முதலில் எடுத்த நீலத்தை அவனே வேண்டாம் என்றான். அந்தச் சாயம் நிற்காது. முகூர்த்தத்துக்கு ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு என்று நேரம் போனதே தெரியவில்லை. முத்துமீனாவுக்குப் புரியட்டும் என்று நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பேசினான். வீட்டில் கூட அவன் அப்படிப் பேசியதில்லை.

ஐந்து மணிக்கு மணியடித்தது. கீழே போனான். பாட்டு தொடங்கியது, வழக்கம்போல ஐம்பது அறுபது போன்கள் உயர்ந்தன. பைகளோடு படிக்கட்டில் முத்துமீனா நின்றிருந்தாள். அவனுக்குச் சட்டென்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. பார்க்கிற ஆள் இருக்கும்போது திட்ட முடியுமா? முந்தியை இழுத்து முக்காடு போட்டு, இடுப்பை ஒடித்து, உதட்டால் கேட்டான்: மாப்பிள்ளை எந்த ஊரு? அவளும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: மேலூர். அவன் கண்ணைச் சுழற்றினான். நல்ல பையனா? அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் இரண்டு முறை சுற்றி வந்து, நல்லா இரு ஆத்தா என்றான். கூட்டம் விசிலடித்தது.

அவர்கள் போய்விட்டார்கள். மறுநாளே கதை கடை முழுக்கப் பரவி முதலாளி காதுக்கும் போனது. கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"முட்டி வலிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானப்பா?" என்றார் வருத்தமாக.

காலை பதினொரு மணி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போடச் சொன்னார். மற்ற மூன்றும் நடக்கின்றன.