அக்னெலோ ஒப்படைத்த பாஸ்போர்ட்

அக்னெலோ குட்டின்ஹோவை நான் முதலில் பார்த்தது நியூஜெர்சியின் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தில். பெயரைக் கேட்டதும், பிரேசிலா என்று ஆங்கிலத்தில் விசாரித்து வைத்தேன்.

"கோவா சார், மட்காவ். மெட்ராஸ்ல ஆறு வருஷம் வொர்க் பண்ணேன். தமிழ்லயே கேளுங்க" என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. கோவாக்காரரைக் கண்டால் நம்மவர்கள் கேட்கிற கேள்விகளே ஒரு மாதிரி. நீங்க இந்தியனா? வீட்ல போர்த்துகீஸ் பேசுவீங்களா? தினமும் குடிப்பீங்களா? அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இந்தியனா என்ற அந்த முதல் கேள்விக்கு மட்டும் அவருக்கு ரோஷம் வரும். 1961 வரை கோவா போர்ச்சுகல் வசம் இருந்ததால், அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள் அந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். அவருடைய தம்பிகள் இருவரும் வாங்கிக்கொண்டு லண்டன் போய்விட்டார்கள். இவரோ, யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அவரை அசைத்தது மகள் லிசெட். மூன்று வயதில் நியூஜெர்சிக்கு வந்த பெண். இருபத்தொரு வயதாவதற்குள் அப்பாவுக்கு கிரீன் கார்டு வராவிட்டால், அவர் விசாவை நம்பி அவள் இங்கே இருக்க முடியாது. கார்டுக்கு நாட்டுக்கு நாடு தனி வரிசை; இந்தியர்களின் வரிசையோ நகர்வதாக இல்லை. போர்ச்சுகல்காரனாகிவிட்டால் வரிசை குட்டை என்று நினைத்தார். சூப்பர் ஐடியா என்று சொன்ன மேதாவிகளில் நானும் ஒருவன்.

போர்ச்சுகல் பாஸ்போர்ட் வந்தபோது லிசெட்டுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள இந்தியா விடாது என்பதால், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மாலை ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். இறங்கினதும் காபி சாப்பிடலாம் என்று உளறினேன்.

மறுவாரம் ஒரு வக்கீலம்மாவிடம் போனார். அவர் சொன்னது இதுதான்: கிரீன் கார்டு வரிசைக்குக் குடியுரிமை கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. கோவா இந்தியாவில்தானே இருக்கிறது?

அக்னெலோ எழுந்துவிட்டார். வக்கீலம்மா விடவில்லை. "உங்க வைஃப் எங்க பிறந்தாங்க?"

மனைவி பெர்னி பிறந்தது குவைத்தில். அவள் அப்பா அங்கே எண்ணெய்க் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். கணவனுக்கு மனைவி பிறந்த நாட்டின் வரிசையே போதுமாம்; குவைத் வரிசையில் கூட்டமே இல்லையாம். அவள் பாஸ்போர்ட்டில் அது எப்போதும் அச்சாகிக் கிடந்தது. ஆனால் கோவாவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்திருப்பார்கள். அதை ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார்கள். ஊர் எது என்று கேட்டால் பெர்னியும் மட்காவ் என்றுதான் சொல்வாள். அதனால் கணவருக்கு அது தோன்றவே இல்லை.

லிசெட்டின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பு மூவருக்கும் கார்டு வந்தது. கேக்கை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஹேப்பியா இருக்கு பசுபதி. பைத்தியமும் பிடிக்குது. அந்த இந்திய பாஸ்போர்ட்ட குடுத்திருக்கவே வேணாம்."

அந்த டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். மும்பையில் இறங்கியதும் எனக்கு போன் பண்ணினார். இமிக்ரேஷனில் பெர்னியும் லிசெட்டும் இந்தியர் வரிசையில் சட்டென்று வெளியே போய்விட்டார்களாம். இவர் மட்டும் வெளிநாட்டவர் வரிசையில், சில ஜெர்மன்காரர்களுக்குப் பின்னால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மகள் கையசைத்தாளாம்.

"ஆபீசர் என்ன கேட்டார்?"

"எதுக்கு இந்தியா வந்தீங்கன்னு."

"வீட்டுக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவர் சொன்னார்:

"டூரிஸ்ட்னு சொன்னேன், பசுபதி. விசால அப்படித்தான் போட்டிருக்கு."