ஐக்கே உருவாமல் வைத்திருந்த பதினொரு வயர்கள்

ஐக்கே டீர்க்சனுக்கு இருப்பது போன்ற கை எங்கள் மேசையில் வேறு யாருக்கும் இல்லை. முப்பது வருஷம் பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்தவள். அரிசி முனை அளவு ஈயத்தை அவள் பற்றவைத்தால் அது வழியாது, கருகாது. நாங்களெல்லாம் பற்றவைத்த போர்டைப் பார்த்து, "இந்தப் பல்லை யார் வாயில வைக்கிறது?" என்பாள். டி.வி. ரிப்பேரில் முடி நரைத்தவன் நான். என்னையும் விட்டுவைத்ததில்லை.

எங்கள் மேசை என்றால் ஃபேகசாக் என்கிற எங்கள் ஆற்றங்கரை ஊரில் ஒரு பியர்க்கடையின் பின்னறையில் வியாழன்தோறும் கூடும் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே பைத்தியம். வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக மாடுலர் சிந்தசைசர் என்கிற மின்னிசைப் பெட்டி கட்டுவது. ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாக அலுமினியத் தகடுகள், தகட்டுக்கு ஒரு வேலை. ஒன்று சத்தம் எழுப்பும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று எப்போது அடங்கவேண்டும் என்று சொல்லும். எதையும் எதோடும் வயர் போட்டு இணைக்கலாம். எந்த வயர் எங்கே, எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பம், அதுதான் பாட்டு. வயரை உருவினால் பாட்டு போச்சு. எங்கள் பெட்டிகளுக்கு ஞாபகம் என்பதே கிடையாது.

அதனால் மேசையில் ஒரு சட்டம் உண்டு. யார் பெட்டியில் கை வைத்தாலும், எழுந்திருக்கும் முன் எல்லா வயரையும் உருவி, எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட வேண்டும். சொந்தப் பெட்டியானாலும் கூட்டம் கலையும்போது அப்படித்தான். 'முகம் கழுவி வைப்பது' என்போம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற மரியாதைதான் இதுவும். இருபத்திரண்டு வருஷமாக நான் கழுவிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாழாய்ப்போன கைக்கு அது மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது.

ஐக்கேயின் புருஷன் ஹார்ம், வேசர் ஆற்றில் கார்களை ஏற்றிக் கரை மாற்றிவிடும் படகை ஓட்டினான். சமையலறை மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டியைத் தாண்டித்தான் அவன் காபி போட வேண்டும். அது அங்கே இருந்த ஒன்பது வருஷமும் அதை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. வாயால் மட்டும் விடாமல் தொடுவான்.

"ஐக்கே, உன் பெட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்ச சத்தம் எது தெரியுமா?"

"சொல்லித் தொலை."

"அதை அணைச்சதும் ஒண்ணு வருது பாரு, அதுதான்."

"பேச வந்துட்டான். நீ முப்பது வருஷமா அந்தக் கரைக்குப் போறே, இந்தக் கரைக்கு வர்றே. ஒரு தடவையாச்சும் கடலைப் பார்த்திருக்கியா?"

இந்தச் சண்டையை மேசையில் எல்லோருக்கும் அவளே நடித்துக் காட்டுவாள். ஹார்ம் சொன்னது எங்களுக்கு மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் ஞாயிற்றுக்கிழமை, ஐக்கே ஓல்டன்பர்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். மாடிப்படியிலேயே பெட்டி பாடுவது கேட்டது. அவள் அறியாத சத்தம். கீழிருந்து மெதுவாக ஏறி, உச்சிக்குப் போகுமுன் திரும்பி இறங்கும் ஒரு தாழ்ந்த குரல். எப்போதாவது இரண்டு தட்டல். யாரோ மேசைக்காரன் வந்து கைவரிசை காட்டுகிறான் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். பெட்டியின் முன்னால் நாற்காலியில் ஹார்ம் இருந்தான். காபி பாதி மிச்சம் இருந்தது. மாரடைப்பு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அவர் வந்து, பார்த்து, தாளில் எழுதி முடிக்கும்வரை பெட்டி பாடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதினொரு வயர் போட்டிருந்தான். அதில் இரண்டு எதற்கும் உதவாதவை. மிச்சம் ஒன்பதும் சரி. ஒன்பது வருஷம் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான், திருட்டுப்பயல். அவளுக்கு வேடிக்கை காட்டத்தான் போட்டிருப்பான். ஏறி இறங்குவது படகு கரைக்குக் கரை போய்வருவதா, அந்தத் தட்டல் படகின் பலகை கரையில் விழுவதா, இல்லை தானாக வந்து விழுந்ததா? கேட்க ஆள் இல்லை.

அதன்பிறகு ஐக்கே மேசைக்கு வரவில்லை. பெட்டியைத் தூக்கி வந்தால் பஸ் குலுக்கலில் குமிழ் நகர்ந்துவிடும். வேறு பாட்டுப் போட்டால் இது போய்விடும். காலையில் ரொட்டி தின்னும்போது அரை மணி நேரம் போடுவாள், அணைத்துவிடுவாள். தூசிகூடத் துடைப்பதில்லை. "இன்னொரு பெட்டி கட்டேன்," என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஈயம் உருகுற வாசனை வந்தாலே அந்த நாற்காலி கண்ணுல வருது, ஒக்கோ."

"சரி, போன்ல பதிஞ்சாவது வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். அது போட்டோ மாதிரி, ஒரு நாள் மூஞ்சிதான். பெட்டியில தினம் கொஞ்சம் மாறுது. சமையலறை குளிர்ந்தா குரல் இறங்குது, அடுப்பு எரிஞ்சா ஏறுது. காலையில எந்திரிச்சு வர்றப்ப அவன் இருக்கிற மாதிரியே, ஒரு நாள் நல்லாருக்கான், ஒரு நாள் கடுகடுன்னு இருக்கான். அவன் போட்டோ என்கிட்ட ஏராளமா இருக்கு."

போன வருஷம் செப்டம்பரில் அவளே போன் செய்தாள். பெட்டியில் ஓர் இரைச்சல் புகுந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய் ஹார்மின் குரலை மூடப் பார்க்கிறதாம். பவர் சப்ளையில் கெபாசிட்டர் செத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. மேசையில் அது என் இலாகா. அவளுக்கும் செய்யத் தெரியும். ஆனால் பின்பக்கம் ஒருவர் வேலை செய்ய, முன்பக்கம் ஒருவர் வயர்கள் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "முன்னாடி நான்தான் நிப்பேன்," என்றாள்.

சனிக்கிழமை மதியம் போனேன். ஊசி போடும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறவள் போல இரண்டு கையாலும் பெட்டியை அணைத்து நின்றாள். ஒன்றே கால் மணி நேரம் அசையவில்லை. நான் பழைய கெபாசிட்டர்களை எடுத்துப் புதிது வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

இரைச்சல் அடியோடு போயிருந்தது. குரல் ஏறியது, இறங்கியது, இரண்டு தட்டல். ஐக்கே கையைத் தூக்கினாள்.

"பேசாதே. அடியில இன்னொண்ணு இருக்கு. கேக்குதா?"

கேட்டது. அந்தக் குரலுக்கும் கீழே, மிக மெல்லிசாக, மூச்சு வாங்குவது போல ஒன்று வந்து வந்து போனது. ஹார்ம் வைத்த குமிழ்களிலிருந்துதான் அதுவும். அவன் அதை வைத்த நாளிலேயே கெபாசிட்டர் கெட ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டரை வருஷமும் இரைச்சலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஐக்கே ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். "இத்தனை நாளா இதை ஒளிச்சு வச்சிருந்தியாடா," என்றாள். என்னிடம் அல்ல.

"பின்பலகையை மாட்டிடு. நான் காபி எடுத்துட்டு வர்றேன். வெண்ணெய் கேக் பண்ணியிருக்கேன். உக்காந்து நிதானமா கேப்போம்."

வெண்ணெய் கேக் எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் போடுவார்கள், சாவுக்கும் போடுவார்கள். ஹார்மை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் செய்தது அன்றுதான்.

சாமான்களைப் பரப்ப இடம் வேண்டும் என்று பெட்டியை ஒரு குமிழும் அசையாமல் அங்குலம் அங்குலமாக வரவேற்பறைக்கு நகர்த்தித்தான் வேலை செய்திருந்தோம். அவள் சமையலறைக்குப் போனாள். நான் அணைத்தேன், பின்பலகைக்குத் திருகாணி போட்டேன், முன்பக்கம் வந்தேன். அவள் உள்ளேயிருந்து, எங்கள் மேசை லூட்கர் இன்னும் போர்டைக் கருக்கிக்கொண்டுதான் இருக்கிறானா என்று கேட்டாள். போன வாரம் அவன் மேசை விரிப்பையே கருக்கிய கதையை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே சிரித்தாள். வேலை முடிந்தது, பெட்டி இன்னொருவருடையது, எழுந்து போகப் போகிறோம். அவ்வளவுதான் கைக்குத் தெரியும். கதையை முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பெட்டியின் முகம் வெறுமையாக இருந்தது. குமிழ்கள் எல்லாம் பூஜ்யத்தில். பதினொரு வயரும், மேசையில் கழுவும்போது போட்டுக்கொள்கிற மாதிரியே, என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

கழற்றிப் போடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். ஐக்கே தட்டோடு வந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். தட்டு அவள் கையிலிருந்து விழவில்லை. மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"ஐக்கே, நான்..."

"உக்காரு."

உட்கார்ந்தேன். எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தாள். தனக்கும் வெட்டி வைத்தாள். ரெண்டு பேரும் தொடவில்லை. பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் கேட்டேன் நான்? அந்த அடியில வந்ததை?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

"மூணு நிமிஷம்," என்றாள்.

அவளிடம் பெட்டியின் போட்டோக்கள் இருந்தன, ஒவ்வொரு கோணத்திலும். அதைப் பார்த்துப் பார்த்துப் பதினொரு வயரையும் போட்டோம், உதவாத இரண்டையும் சேர்த்து. குமிழ்களைத் திருப்பினோம். போட்டோவில் மயிரிழை தெரியாது. எங்கள் பெட்டியில் மயிரிழைதான் எல்லாம். குரல் ஏறியது, இறங்கியது, தட்டியது. அடியில் இருந்தது வரவில்லை. இருட்டும்வரை குமிழ்களோடு மல்லுக்கட்டினேன், சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் ஐக்கே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் ஒக்கோ. இது நீ போட்டது. நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதினொன்றையும் அவளே ஒவ்வொன்றாக உருவினாள். வீட்டுக்கு நடந்தே போனேன். மேசைக்காரர்கள் யாரிடமும் இன்றுவரை இதைச் சொன்னதில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஐக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். எல்லோருக்கும் கொண்டாட்டம்.

"வந்துட்டியா! யாரோட பல்லு செட்டையோ திருடிட்டு ஊரை விட்டு ஓடிட்டேன்னு நினைச்சோம்," என்றான் லூட்கர்.

"உன் பல்லைப் பார்த்தா திருடுறவனும் திருப்பிக் குடுத்துடுவான்," என்றாள்.

அவள் முறை வந்தது. சுவிட்சைப் போட்டாள். சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஒரு வயர்கூடப் போடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். "வயர் போட மறந்துட்டாளா?" என்று லூட்கர் என் காதில் கேட்டான். மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்று நிமிஷம். சுவிட்சை அணைத்தாள்.

"அவ்வளவுதானா? சத்தம் எங்கே?" என்றான் லூட்கர்.

"ஹார்முக்குப் பிடிச்சதைப் போட்டேன்," என்றாள் ஐக்கே.

அறை முழுக்கச் சிரித்தது. அந்தக் கேலி எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்றே. ஐக்கேயும் சிரித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு கூட்டம் கலையும் நேரம் ஆனது. எல்லோரும் அவரவர் பெட்டியைக் கழுவ ஆரம்பித்தோம். ஐக்கேயும் பழக்கத்தில் கையை நீட்டினாள். உருவ அங்கே ஒன்றும் இல்லை.